குழந்தைக்கு மாறி மாறி நோய்த்தொற்று: மலைக்குளிர்தான் காரணமா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். கோத்தகிரிக்குப் பக்கத்தில் வீடு. தங்கைக்கு முதல் குழந்தை, பையன், நாலரை மாதம். ரெண்டாம் மாதத்திலிருந்து நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் வெள்ளை படிகிறது, மருந்து தடவினால் போகிறது, நிறுத்தினால் திரும்பி வருகிறது. நிமோனியா என்று ரெண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. பிறந்தவுடன் இடது கையில் போட்ட ஊசி இடம் இன்னும் கசிகிறது, அதே பக்கத்து அக்குளில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. எடை ஒரு மாதமாக 4.6 கிலோவிலேயே நிற்கிறது. கோயம்புத்தூரில் பார்த்த டாக்டர் 'சந்தர்ப்பவாத நோய்த்தொற்று மாதிரி தெரியுது, எதிர்ப்புச் சக்தியைப் பார்க்கணும்' என்று சொல்லியிருக்கிறார். வீட்டுப் பெரியவர்கள் 'மலைக்குளிர் ஒத்துக்கலை, மேட்டுப்பாளையத்துல வீடு பாருங்க' என்கிறார்கள். 14 வாரத் தடுப்பூசி வேறு பாக்கி. குளிர்தான் காரணமா, கீழே குடிபோனால் சரியாகுமா, ஊசியைப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ, இந்தக் குழந்தை எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறந்திருக்குமோ என்பதுதான் உங்கள் கேள்வி, அதை எழுத உங்களுக்குக் கை வரவில்லை என்று தோன்றுகிறது. அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் குழந்தை மருத்துவர். சமவெளியில் ஏழு வருடம், இந்த மலையில் பத்தொன்பது வருடம். நோய் எதிர்ப்பியலில் தனியாகப் படித்தவன் இல்லை. இப்படிப்பட்ட குழந்தையை முதலில் பார்க்கிற இடத்தில், சந்தேகப்பட்டு மேலே அனுப்புகிற இடத்தில் இருப்பவன், அவ்வளவுதான். உங்கள் மருமகனைத் தொட்டுப் பார்க்காமல், நீங்கள் எழுதிய பத்து வரியை வைத்து எழுதுகிறேன். ஆகவே நோய்க்குப் பெயர் வைக்க மாட்டேன். எது நிச்சயம், எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்ல முடியும்.

குளிரில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. குளிரால் யாருக்கும் எதிர்ப்புச் சக்தி போய்விடாது. இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் உறைபனி விழும் ஜனவரியில் பிறந்து கம்பளிக்குல்லாவும் சளியுமாக நன்றாகவே வளர்கின்றன. சளி வரும், இருமல் வரும், மூடிய அறையில் ஒருவர் மூச்சை ஒருவர் இழுப்பதால் வைரஸ் சீக்கிரம் பரவும். ஆனால் குளிர் நாக்கில் பூஞ்சையை வளர்க்காது, ஊசிப் புண்ணை ஆறவிடாமல் செய்யாது. சந்தர்ப்பவாதி என்றால் நமக்குக் கட்சி மாறுகிறவர்தான் நினைவுக்கு வருவார், இங்கேயும் கிட்டத்தட்ட அதே பொருள்தான். கோத்தகிரியில் குரங்கு எப்போதும் கூரை மேலேதான் உட்கார்ந்திருக்கிறது, ஜன்னல் கொக்கி உடைந்த அன்றைக்குத்தான் சமையலறைக்குள் வந்து வாழைப்பழத்தை எடுக்கிறது. இந்தக் கிருமிகளும் அப்படி. நம் எல்லோர் உடம்பிலும், காற்றிலும், மண்ணிலும் இருப்பவை, நல்ல எதிர்ப்புச் சக்தி இருக்கும் குழந்தையை ஒன்றும் செய்யாதவை. அதனால் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: குழந்தைக்கு எத்தனை தடவை உடம்பு சரியில்லை என்று எண்ணுவதைவிட, வந்தது எந்தக் கிருமி, எவ்வளவு பிடிவாதமாக நிற்கிறது என்று பார்ப்போம். வருடத்துக்கு எட்டுப் பத்துத் தடவை சளி பிடிக்கிற குழந்தை பெரும்பாலும் ஆரோக்கியமான குழந்தைதான், அதுவும் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற அண்ணனோ அக்காவோ இருந்தால்.

இப்போது நீங்கள் சொன்னதை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். வாயில் வெள்ளை, பழைய ஆட்கள் அக்கரம் என்பார்கள், அது கேண்டிடா என்ற பூஞ்சை. தனியாக இது மட்டும் இருந்தால் நான் கவலையே பட்டிருக்க மாட்டேன். முதல் மூன்று நான்கு மாதத்தில் எத்தனையோ நல்ல குழந்தைகளுக்கு வருவதுதான். ஆன்டிபயாடிக் கொடுத்தால் வரும், தாயின் மார்புக் காம்பிலும் பூஞ்சை இருந்து அங்கே மருந்து தடவாமல் விட்டால் வரும், பால் பாட்டில் நிப்பிளைச் சரியாகக் கொதிக்க வைக்காவிட்டால் வரும். உங்கள் குழந்தைக்கு ரெண்டு தடவை ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து போயிருக்கிறது, அதுவும் காரணமாக இருக்கலாம். என் மனதை உறுத்துவது, நிமோனியாவுக்கு முன்பே அது தொடங்கிவிட்டது என்று நீங்கள் எழுதியிருப்பது. ஆறு மாதத்தைத் தாண்டியும் நிற்கிற வெள்ளை, ஒழுங்காக மருந்து தடவியும் அடங்காத வெள்ளை, பால் விழுங்கும்போது முகத்தைச் சுளித்து அழுகிற குழந்தை, அதாவது உணவுக்குழாய் வரை இறங்கிவிட்டது, இவைதான் எங்களை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

ஊசிப் புண்ணும் அதே கதைதான். அது பிசிஜி, காசநோய்க்கான தடுப்பூசி, உயிருள்ள ஆனால் வலுவிழந்த கிருமி. சாதாரணமாக ரெண்டு மூன்று வாரத்தில் ஒரு சின்னப் பரு, அது உடைந்து புண்ணாகி, மூன்று மாதத்துக்குள் தழும்பாகிவிடும். சில நல்ல குழந்தைகளுக்கு அக்குளில் நெறி கட்டும், சிலருக்குச் சீழ்கூட வைக்கும், தானே வடிந்து ஆறிவிடும். ஆகவே கட்டி மட்டும் இருந்தால் அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. நாலரை மாதத்திலும் கசிகிறது, கட்டி பெரிதாகிறது, எடையும் ஏறவில்லை என்று எல்லாம் சேர்ந்து வரும்போதுதான் அந்த வலுவிழந்த கிருமியைக்கூட இந்த உடம்பால் அடக்க முடியவில்லையோ என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு விஷயம் இங்கேயே சொல்லிவிடுகிறேன், சிகிச்சை தொடங்கும்போது உதவும்: பிசிஜி கிருமிக்குப் பைராசினமைட் என்ற காசநோய் மாத்திரை இயல்பாகவே வேலை செய்யாது. வழக்கமான காசநோய் மருந்துக் கூட்டை அப்படியே எழுதினால் அதில் ஒரு மருந்து வீண். நிபுணரிடம் கேட்டு மருந்தை மாற்றுவார்கள், அதனால் யாராவது டிபி மருந்து தொடங்கினால் 'இது பிசிஜியில் இருந்து வந்ததாக இருக்குமா' என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

நிமோனியா பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சந்தர்ப்பவாதக் கிருமிகளில் கைக்குழந்தைகளுக்கு நான் மிகவும் பயப்படுவது நியூமோசிஸ்டிஸ். இதுவும் ஒரு பூஞ்சைதான், வெகுகாலம் ஒட்டுண்ணி என்று நினைத்திருந்தார்கள். ரெண்டாம் உலகப் போரை ஒட்டி ஐரோப்பிய அனாதை இல்லங்களில் பட்டினியில் வாடிய, குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளிடம் ஒரு விசித்திரமான நிமோனியா கொள்ளையாகப் பரவியது. அதை ஆராய்ந்தவர்களில் ஒருவரான செக் நாட்டு ஒட்டோ யிரோவெட்ஸ் பெயரில்தான் இந்தக் கிருமி இன்று வழங்குகிறது. நம்மில் பெரும்பாலோருக்கு இது சின்ன வயதிலேயே வந்து, ஒரு சளி போலப் போயிருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத குழந்தைக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் வரும், அப்போது அதன் முகம் வேறு. காய்ச்சல் பெரிதாக இருக்காது. ஸ்டெதாஸ்கோப் வைத்தால் நெஞ்சு ஏறக்குறைய சுத்தமாகவே கேட்கும். ஆனால் குழந்தை நிமிடத்துக்கு 70, 80 மூச்சு இழுக்கும், பால் குடிக்க முடியாமல் விட்டுவிட்டு உறிஞ்சும், விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் கருவி 80-களில் காட்டும். எக்ஸ்ரேயில் ரெண்டு பக்கமும் கோடநாடு காட்சிமுனையில் மூடுபனி இறங்கிய மாதிரி ஒரே வெண்மை. நெஞ்சில் கேட்பதற்கும் ஆக்சிஜன் அளவுக்கும் உள்ள இந்தப் பொருத்தமின்மைதான் அடையாளம். வழக்கமான நிமோனியா ஊசிக்கு இது அடங்காது. கோட்ரைமாக்சசோல் என்ற பழைய, மலிவான மருந்தை அதிக அளவில் மூன்று வாரம் கொடுக்க வேண்டும். உங்கள் குழந்தைக்கு வந்தது இதுதானா என்று எனக்குத் தெரிய வழியில்லை, ஏனென்றால் நீங்கள் ஆக்சிஜன் அளவைக் குறிப்பிடவில்லை. டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் இருக்கும், பாருங்கள். ஊட்டி உயரத்தில், அதாவது 2,240 மீட்டரில், நல்ல குழந்தைக்கே அளவு சமவெளியைவிட ஒன்றிரண்டு புள்ளி குறைவாகக் காட்டலாம், 94 என்றால் அலற வேண்டாம். 88, 85 என்றால் உயரத்தின் மேல் பழி போடவும் வேண்டாம்.

வீட்டில் நீங்களே எண்ணலாம். குழந்தை தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள், பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்காதீர்கள், குழந்தைகளின் மூச்சு ஒரே சீராக இருக்காது. ரெண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல் என்றால் வேகம். விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

சரி, நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்டுப் போன ஒரு வரிக்கு வருகிறேன். 'ரத்தப் பரிசோதனை நார்மல்தான், மொத்த வெள்ளணு 7,400, லிம்போசைட் 15 சதவீதம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் டீயைக் கீழே வைத்துவிட்டேன். லிம்போசைட் என்பது எதிர்ப்புச் சக்தியை நடத்துகிற வெள்ளணு வகை, 7,400-ல் 15 சதவீதம் 1,110. பெரியவர்களுக்கு இது குறைந்தபட்ச எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் எண், லேபில் கம்ப்யூட்டர் பெரியவர்களுக்கான அளவை வைத்துக்கொண்டு தடித்த எழுத்தில் போடாமல் விட்டிருக்கும். கைக்குழந்தையின் ரத்தம் வேறு மாதிரி. பெரியவர்களிடம் நியூட்ரோபில் அதிகம், லிம்போசைட் குறைவு. இந்த வயதில் அது தலைகீழ், வெள்ளணுக்களில் பாதிக்கு மேல் லிம்போசைட்டாகவே இருக்கும், எண்ணிக்கை 4,000-க்கு மேல் இருக்க வேண்டும். 3,000-க்குக் கீழே போனாலே, எதிர்ப்புச் சக்தி பிறவியிலேயே இல்லையா என்று தேடச் சொல்கிறோம். 1,110 சும்மா விடுகிற எண் கிடையாது.

இதை இவ்வளவு உறுதியாக நான் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அது எனக்குப் பெருமை தருகிற காரணம் அல்ல. மலைக்கு வந்த புதிதில் எஸ்டேட் லயன் வீட்டில் இருந்து ஒரு பையனைக் கொண்டு வந்தார்கள், மூன்று மாதம். நிமோனியா, ஊசி போட்டேன், தேறினான். அடுத்த மாதம் திரும்ப வந்தான், வேறு ஊசி போட்டேன். மூன்றாவது தடவை பேதி. ஒவ்வொரு தடவையும் ரத்த அறிக்கையில் மொத்த எண்ணிக்கையைப் பார்த்தேன், 'கூடவில்லை, நல்லது' என்று திருப்தியாக மடித்து வைத்தேன். ஏழாம் மாதத்தில் கீழே ஒரு பெரிய மருத்துவமனையில் அவன் இறந்த பிறகு, அங்கே இருந்த மருத்துவர் பழைய அறிக்கைகளை மேசையில் வரிசையாக வைத்து லிம்போசைட் வரியின் கீழே பேனாவால் கோடு போட்டார். 12 சதவீதம், 9 சதவீதம், 10 சதவீதம். எதுவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து கைக்குழந்தையின் ரத்த அறிக்கை கைக்கு வந்தால் முதலில் பெருக்கிப் பார்ப்பேன், என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களையும் பெருக்க வைப்பேன், இப்போது எல்லோரும் என்னைக் கணக்கு வாத்தியார் என்கிறார்கள்.

ஆனால் ஒரு எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. கடுமையான நோய்த்தொற்று நடக்கும்போது லிம்போசைட் தற்காலிகமாக இறங்கும், ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் இறங்கும், இயந்திரம் தப்பாகவும் எண்ணும். ஆகவே குழந்தை ஓரளவு தெளிந்திருக்கும்போது திரும்ப எடுத்து, கண்ணாடித் தகட்டில் கண்ணால் பார்த்தும் எண்ணச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: தாயின் செல்கள் குழந்தையின் ரத்தத்தில் கலந்து தங்கிவிட்டால், எதிர்ப்புச் சக்தி இல்லாத குழந்தைக்கும் எண்ணிக்கை சரியாகக் காட்டலாம். முடிவு சொல்வது ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற பரிசோதனை, லிம்போசைட்டை டி, பி, என்கே என்று வகை பிரித்து எண்ணுவது. அதற்கு ஊதா மூடி டியூபில் எடுத்த ரத்தம் ஃபிரிட்ஜில் வைக்காமல் ஒன்றிரண்டு நாளுக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் மலையில் எடுத்துக் கூரியரில் போட்டால் திங்கட்கிழமை செத்த செல்கள்தான் போய்ச் சேரும்.

காரணங்களில் முதலில் விலக்க வேண்டியது எச்ஐவி. கோபப்படாதீர்கள், யாருடைய ஒழுக்கத்தையும் பற்றிய பேச்சில்லை, எல்லாக் குழந்தைக்கும் இதே வரிசையில்தான் பார்ப்போம். கர்ப்ப காலத்தில் உங்கள் தங்கைக்குச் செய்த பரிசோதனை நெகட்டிவ் என்கிறீர்கள், நல்லது, சாத்தியம் மிகவும் குறைவு, பூஜ்யம் இல்லை. அதற்குப் பிறகு தொற்றியிருந்தால் அந்தத் தாள் சொல்லாது. குழந்தைக்குப் பதினெட்டு மாதம் வரை கிருமிக்கு எதிராக உடம்பு செய்கிற எதிர்ப்பொருளைத் தேடும் சாதாரணச் சோதனையை நம்பக் கூடாது, தாயின் எதிர்ப்பொருளையே அது காட்டிவிடும். வைரசின் மரபணுவையே தேடுகிற பிசிஆர் சோதனைதான் செய்ய வேண்டும், அரசு நம்பிக்கை மையத்தில் இலவசம். எச்ஐவி இருக்கிற தாய்க்குப் பிறந்த குழந்தைகளுக்கு ஆறாவது வாரத்திலிருந்தே கோட்ரைமாக்சசோல் கொடுப்பது மேலே சொன்ன நியூமோசிஸ்டிசைத் தடுக்கத்தான். இதையெல்லாம் விலக்கினால் மிச்சம் இருப்பது பிறவிக் குறைபாடுகள், அவற்றில் அவசரமானது ஸ்கிட் என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்கிற, டி செல் என்ற முக்கியமான லிம்போசைட் வகையே உருவாகாத நிலை. அபூர்வம்தான். அமெரிக்காவில் பிறக்கும் குழந்தைகளைப் பிறந்தவுடன் சோதிக்கத் தொடங்கியபோது சுமார் 58,000-ல் ஒன்று என்று கணக்கு வந்தது. சொந்தத்தில் கல்யாணம் செய்யும் சமூகங்களில் கூடுதலாக இருக்கும், ரெண்டு பக்கமும் ஒரே பழுதடைந்த மரபணு இருந்துவிட வாய்ப்பு அதிகம். தங்கைக்கு அத்தை மகன்தான் மாப்பிள்ளை என்று எழுதியிருந்தீர்கள், அதனால் சொன்னேன், அதில் யாருக்கும் குற்றவுணர்வு தேவையில்லை, லட்சக்கணக்கான அத்தை மகன்கள் நல்ல பிள்ளைகளைப் பெற்றிருக்கிறார்கள். ஏன் பிறந்தவுடன் தெரியாமல் இப்போது தெரிகிறது என்றால், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் தாய் கொடுத்தனுப்பும் எதிர்ப்பொருள் கொஞ்ச காலம் குழந்தையைக் காக்கும். மூன்றாம் மாதத்துக்கு மேல் அந்தச் சேமிப்பு கரைந்துவிடும், சொந்தச் சம்பாத்தியம் இல்லாதது அப்போதுதான் வெளியே தெரியும்.

செய்யக் கூடாதவற்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். 14 வாரத் தடுப்பூசியில் போலியோ சொட்டும் ரோட்டா சொட்டும் உயிருள்ள கிருமிகள். சந்தேகம் தீரும் வரை ரெண்டும் வேண்டாம். தங்கை வீட்டில் வேறு கைக்குழந்தை இருந்தால் அதற்கும் வாய்வழிப் போலியோ சொட்டுக்குப் பதில் ஊசி. பென்டாவேலன்ட், நிமோகாக்கல் ஊசிகள் உயிரற்றவை, ஆபத்தில்லை, பலன் தருமா என்பதுதான் கேள்வி. கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடி வந்து 'ஏன் பாக்கி' என்று கேட்பார், அது அவர் வேலை, அவரிடம் விஷயத்தைச் சொல்லி அட்டையில் எழுதி வாங்குங்கள். இதைப் படித்துவிட்டு நல்ல குழந்தைகளுக்கு யாராவது தடுப்பூசியை நிறுத்தினால் எனக்குத் தூக்கம் வராது. இது இந்த ஒரு குழந்தைக்கு, சோதனை முடிவு வரும் வரை.

அடுத்தது ரத்தம் ஏற்றுவது. குழந்தை வெளிறியிருக்கிறது, அவசரமாக ஒரு யூனிட் ஏற்றலாம் என்று யாராவது சொன்னால், 'எதிர்ப்புச் சக்திக் குறைபாடு சந்தேகம் இருக்கிறது, வெள்ளணுவை முடக்கக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய ரத்தம் வேண்டும்' என்று சொல்லுங்கள். தாய்மாமன் நீங்களே கை நீட்டிக் கொடுக்கத் தயாராக இருப்பீர்கள், அதுதான் இன்னும் ஆபத்து. நெருங்கிய சொந்தத்தின் ரத்தத்தில் இருக்கும் வெள்ளணு இந்தக் குழந்தையின் உடம்பில் குடியேறி, குழந்தையையே அன்னியமாக நினைத்துத் தாக்கும், அப்படி நடந்தால் பெரும்பாலும் காப்பாற்ற முடிவதில்லை. பாட்டி கொடுக்கும் உரைமருந்தும் வேண்டாம். வசம்பையும் ஜாதிக்காயையும் நான் திட்டவில்லை, அந்தக் கல்லும் அதில் விடுகிற பச்சைத் தண்ணீரும்தான் பிரச்சினை. நாக்கில் தேன் தடவுவது ஒரு வயதுக்குள் எந்தக் குழந்தைக்குமே கூடாது.

தாய்ப்பாலைப் பற்றி மருத்துவர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. நம் ஊர்த் தாய்மார்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சைட்டோமெகலோ வைரஸ் எப்போதோ வந்து உடம்பில் தங்கியிருக்கும், அது பாலில் வரும், ஸ்கிட் குழந்தைக்கு நுரையீரல், கண், ஈரல் என்று கெடுக்கும். அதனால் சில மையங்கள் தாய்க்குச் சோதனை முடிவு வரும் வரை பாலை நிறுத்துகின்றன, சில சூடுபடுத்திக் கொடுக்கச் சொல்கின்றன. மறுபக்கம், நம் வீடுகளில் தாய்ப்பாலை நிறுத்தினால் பாட்டில் வரும், பாட்டிலோடு பேதி வரும். நாலரை மாதம் குடித்த பிறகு இன்று நிறுத்துவதால் எவ்வளவு லாபம் என்பதும் தெளிவில்லை. என் கருத்து, நீங்களாக நிறுத்தாதீர்கள், நிபுணரிடம் முதல் நாளே கேளுங்கள்.

மலையை விட்டு இறங்குவது பற்றி. குளிருக்காக இறங்க வேண்டாம், ரோட்டுக்காக இறங்கலாம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் நவம்பர் மழையில் ஒரு மண்சரிவு விழுந்தால் அது எத்தனை மணி நேரம் என்று 2009-ஐப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மூச்சுத் திணறினால் ஒரு மணி நேரத்துக்குள் குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிற தூரத்தில் சில மாதம் இருப்பது புத்திசாலித்தனம். அதுவரை மலையிலேயே இருந்தால், அறையைச் சூடாக்கக் கரிக் கும்முட்டியை உள்ளே வைக்காதீர்கள், புகையும் கெடுதல், கதவை அடைத்தால் கண்ணுக்குத் தெரியாத நச்சு வாயுவும் சேரும். மழைக்காலத்தில் சுவரில் கரும்பச்சையாகப் படர்கிற பூசணம் உள்ள அறையில் குழந்தையைப் படுக்க வைக்காதீர்கள். உங்கள் வீட்டில் மொட்டுக் காளான் போடுகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். கம்போஸ்ட் கிளறும்போது எழுகிற தூசியில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை வித்துகள் ஏராளம், வெள்ளணு சரியாக வேலை செய்யாத பிள்ளைகளுக்கு அது நேராக நுரையீரலுக்குப் போகும். கிளறிய சட்டையோடு வந்து குழந்தையைத் தூக்காதீர்கள், குளித்துவிட்டு வாருங்கள். தண்ணீர் காய்ச்சும்போது ஒரு நுணுக்கம்: ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும், ஆகவே தளதளவென்று வந்த பிறகு மூன்று நிமிடம் விடுங்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்று ஒரு பேதிக்கிருமி, கன்றுக்குட்டிச் சாணத்தில் இருந்து வருவது, குளோரினுக்கு மசியாது, கொதிக்க வைத்தால் சாகும்.

உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் நீலகிரியில் உட்கார்ந்துகொண்டு எதிர்ப்புச் சக்தி பற்றி எழுதுகிறவன் இதைத் தாண்டிப் போக முடியாது. சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் செல் ரத்தசோகை இந்தியாவில் முதன்முதலில் பதிவானதே இந்த மலையின் ஆதிவாசி மக்களிடம்தான், 1952-ல். அந்தக் குழந்தைகளுக்கு மண்ணீரல் சீக்கிரமே செயலிழந்துவிடும், நிமோகாக்கஸ் போன்ற கிருமி ரத்தத்தில் புகுந்தால் காலையில் காய்ச்சல், சாயங்காலம் கைமீறிவிடும். இவை கண்டிப்பான பொருளில் சந்தர்ப்பவாதக் கிருமிகள் இல்லை, ஆனால் கதவு திறந்திருப்பது ஒன்றுதான். தினசரி பென்சிலினும் தடுப்பூசியும் அவர்களைக் காக்கும். கோத்தகிரியில் நாவா, கூடலூரில் அஸ்வினி என்ற ஆதிவாசி நல அமைப்புகள் வருடக்கணக்காக இதற்காக வேலை செய்கின்றன. அந்தக் குடும்பங்களில் யாராவது இதைப் படித்தால் குழந்தைக்கு ஒரு தடவை ரத்தம் பார்த்துவிடுங்கள்.

சோதனையில் ஸ்கிட் என்றே வந்தாலும் அது முடிவு இல்லை. 1968-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ராபர்ட் குட் குழுவினர் இப்படி ஒரு கைக்குழந்தைப் பையனுக்கு அவன் அக்காவின் எலும்பு மஜ்ஜையைக் கொடுத்தார்கள், அவன் வளர்ந்து ஆளானான். 2014-ல் வெளியான ஒரு வட அமெரிக்க ஆய்வில் 240 குழந்தைகளின் கணக்கு இருக்கிறது: மூன்றரை மாதத்துக்குள் இப்படி மஜ்ஜை மாற்று செய்தவர்களில் ஐந்து வருடம் தாண்டி உயிரோடு இருந்தவர்கள் 94 சதவீதம், அதற்கு மேல் வயதானாலும் நோய்த்தொற்றே வராமல் இருந்தவர்களில் 90, தொற்று வந்து அடங்கிய பிறகு செய்தவர்களில் 82, தொற்று இருக்கும்போதே செய்தவர்களில் 50. அந்த வசதியும் பணமும் நம்மிடம் அதே அளவில் இல்லை, இந்த எண்களை அப்படியே இங்கே பெயர்த்து வைக்க மாட்டேன். ஆனால் 82-க்கும் 50-க்கும் நடுவில் இருக்கிற தூரத்தைப் பாருங்கள், தொற்றை அடக்கிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இப்போதைய வேலை. வேலூர் சிஎம்சியில் பல வருடங்களாக எலும்பு மஜ்ஜை மாற்று செய்கிறார்கள். மத்திய அரசின் 2021 அபூர்வ நோய்க் கொள்கையில் ஸ்கிட் இடம் பெற்றிருக்கிறது, அங்கீகரித்த மையங்கள் வழியாக 50 லட்சம் வரை உதவிக்கு விண்ணப்பிக்கலாம். பணம் கைக்கு வர நாளாகும், ஆகவே நோய் உறுதியான அன்றே மனுப் போடுங்கள்.

இந்த வாரத்துக்குள் செய்ய வேண்டியது: கோயம்புத்தூர் டாக்டரிடமே திரும்பப் போய், லிம்போசைட் எண்ணிக்கை 1,110 என்று வாயால் சொல்லி, ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கும் எச்ஐவி பிசிஆருக்கும் எழுதி வாங்குங்கள். சோதனை முடிவு வருவதற்கு முன்பே கோட்ரைமாக்சசோல் தொடங்கலாமா என்றும் கேளுங்கள், நானாக இருந்தால் தொடங்கியிருப்பேன். எக்ஸ்ரே ஃபிலிம்களை எடுத்துப் போங்கள், அறிக்கைத் தாள் மட்டும் போதாது. இதயத்துக்கு மேலே படகின் பாய் விரித்த மாதிரி தெரிய வேண்டிய தைமஸ், அதாவது டி செல் வளருகிற சுரப்பியின் நிழல் இருக்கிறதா என்று அதில் பார்ப்பார்கள், நோயால் சுருங்கியும் இருக்கலாம், ஆனாலும் பார்ப்பார்கள். கிளம்புவதற்கு முன் உங்கள் அம்மாவிடம் தனியாக உட்கார்ந்து ஒன்று கேளுங்கள். ஸ்கிட்டில் ஒரு வகை தாய் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் வரும், மினசோட்டாப் பையன் வீட்டிலும் தாய்வழியில் வரிசையாக ஆண் குழந்தைகள் இறந்திருந்தன. நீங்கள் தாய்மாமன், நல்லபடியாக இருக்கிறீர்கள், ஆனால் உங்களுக்கு முன்னாலோ பின்னாலோ, அல்லது அம்மாவுடன் பிறந்தவர்களில், பெரியம்மா சின்னம்மா பிள்ளைகளில், பேர் வைத்த கொஞ்ச நாளில் போன பையன் யாராவது உண்டா. 'சளி கட்டிச் செத்துப்போச்சு', 'சீர் தட்டிடுச்சு' என்று ஒரே வரியில் சொல்லி அடுத்த பேச்சுக்குப் போவார்கள், அங்கேயே நிறுத்தி எந்த மாதம், வாயில் புண் இருந்ததா, பேதியா என்று கேட்டு ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் காகிதத்தைத் தாய் சேய் நல அட்டைக்குள் மடித்து வையுங்கள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.